முகத்தோடு இறங்க வேண்டிய வண்டி

அன்பு மகன் சூசைக்கு,

நீ சுகமா, நாங்கள் சுகம் என்று தொடங்குகிற பொறுமை இன்று எனக்கு இல்லை. உன் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. உன் அம்மாதான் தபால்காரரிடம் வாங்கிக்கொண்டு வந்து, "படிங்க, புள்ள என்ன எழுதியிருக்கான்னு கேக்கலாம்" என்று எதிரே உட்கார்ந்தாள். முதல் பக்கத்தைச் சத்தமாகத்தான் படித்தேன். மெட்ராஸில் ராணுவச் சாமான்களை ஏலம் விடுகிற மைதானத்தில் டிரெய்லர்களை வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள் என்றும், அதில் நாலு சக்கரத்தில் ஒன்றும் ரெண்டு சக்கரத்தில் ஒன்றும் உனக்குப் பிடித்திருக்கிறது, எதை எடுக்கலாம் என்றும், உன் லாரியின் பின்னால் கட்டி மோட்டார் வண்டிகளை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்க்கிற தொழிலை ஒரு கூட்டாளியோடு சேர்ந்து அதை வைத்துத்தான் ஆரம்பிக்கப் போகிறாய் என்றும் எழுதியிருந்தாய். அதுவரை எனக்குச் சந்தோஷம்தான். அடுத்த பக்கத்தில் உன் முதல் சவாரியைப் பற்றி எழுதியிருந்தாய். ஆனேக்கல் சாவுகார் ஒருவர் மகள் கல்யாணத்துக்காக மெட்ராஸில் புது மோட்டார் வாங்கியிருக்கிறார், அது அவர் வீட்டு வாசலில்தான் முதல்முதலாக உருள வேண்டுமாம், ஆரத்திக்கு முகத்தைக் காட்டித்தான் இறங்க வேண்டுமாம். "அதனால் டிரெய்லரில் பின்பக்கமாக ஏற்றிவிடலாம் என்று இருக்கிறேன் அப்பா, ஒன்றும் கஷ்டமில்லை." இந்த வரிக்கு வந்ததும் படிப்பதை நிறுத்திவிட்டேன். மீதியெல்லாம் வண்டி விஷயம், உனக்குப் புரியாது என்று அம்மாவிடம் சொல்லிக் காகிதத்தை மடித்துவிட்டேன். 

பக்கத்து வீட்டு மாசிலாமணி ரயில்வேயில் இருக்கிறார் அல்லவா, அவர் இன்று சாயங்கால மெயிலில் மெட்ராஸ் போகிறார். தபாலை நம்பாமல் இதை அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். நீ சனிக்கிழமை டிரெய்லரை எடுக்கப் போவதாகவும் திங்கட்கிழமை வண்டியை ஏற்றப் போவதாகவும் எழுதியிருக்கிறாய். நாளைக் காலையில் இது உன்னிடம் சேர்ந்துவிட்டால் எனக்கு உயிர் வரும். கடைசி நேரத்தில்தான் சேருமோ என்னவோ. அதனால் நீ கேட்ட கேள்விக்குப் பதிலை முதலில் எழுதிவிடுகிறேன். முழுதும் படிக்க நேரமில்லை என்றாலும் இந்த ஒரு பத்தியையாவது படித்துவிடு.

நாலு சக்கர டிரெய்லரை எடு. பார்க்க அவலட்சணமாக இருக்கிறது, துரு ஏறியிருக்கிறது, இழுக்கக் கனம், பெட்ரோல் குடிக்கும் என்றெல்லாம் எழுதியிருக்கிறாய். எல்லாம் உண்மைதான். ஆனால் அதற்குச் சொந்த பிரேக் இருக்கிறது. மற்றதற்கு இல்லை. அடியில் படுத்து அச்சைப் பார், விரிசல் இருக்கிறதா என்று மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துப் பார், டயரில் கையை ஓட்டிப் பார், கொக்கியோடு ஒரு சங்கிலியும் தனியாகக் கட்ட வழி இருக்கிறதா என்று பார். ஒருவேளை அந்த ரெண்டு சக்கரத்தையே உன் கூட்டாளி எடுத்து முடித்திருந்தால், மகனே, வண்டியை முகம் முன்பக்கம் இருக்கும்படிதான் ஏற்ற வேண்டும். மோட்டாரின் பாரமெல்லாம் எஞ்சினில் இருக்கிறது. எஞ்சின் லாரிப் பக்கம் இருந்தால் டிரெய்லரின் இழுக்கும் கம்பி கொக்கியை அழுத்திக்கொண்டு ஒழுங்காக வரும். எஞ்சினைக் கொண்டுபோய் வாலில் வைத்தால் முன்பக்கம் மேலே தூக்கும், இறக்கத்தில் வால் ஆடும். ஆட ஆரம்பித்த பிறகு உன்னால் ஒன்றும் செய்ய முடியாது. நீ பர்மா எல்லையில் எத்தனை லாரி ஓட்டியிருந்தாலும் சரி, முடியாது. மெட்ராஸிலிருந்து ஆனேக்கலுக்கு ஏற்றம்தானே என்று நினைக்காதே. ஏற்றத்துக்கு நடுவே எத்தனை இறக்கம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

உனக்கு எப்படித் தெரியும் அப்பா என்று கேட்பாய். உன் ராயப்பன் மாமா எப்படிச் செத்தான் என்று நாங்கள் உனக்குச் சொல்லியிருக்கிறோம். அது பொய். பன்னிரண்டு வருஷமாக இந்த வீட்டில் அந்தப் பொய்தான் புழங்குகிறது, அதைச் சொன்னவன் நான். இதை எழுதுவதற்குள் பேனாவை நாலு தடவை கீழே வைத்துவிட்டேன். உன் அம்மா கூடத்தில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். சற்று முன்னால் தலையை நீட்டி, "சூசைக்கா எழுதுறீங்க? குடிச்சுட்டு வண்டி ஓட்டாதேன்னு எழுதுங்க. அவன் மாமன் கதிய ஞாபகப்படுத்துங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். 

உனக்கு அப்போது பத்து வயது. மாமாவை ஞாபகம் இருக்கும். பட்டறையிலிருந்து ஒரு பழைய ஸ்டியரிங் சக்கரத்தைக் கொண்டுவந்து கொல்லைச் சுவரில் ஆணியடித்துக் கொடுத்தானே, நீ அதைத் திருப்பிக்கொண்டு வாயாலேயே ஊரெல்லாம் ஓட்டுவாய். உன் அம்மாவுக்கு அவன் தம்பி என்று பேர், பெற்ற பிள்ளை மாதிரிதான் வளர்த்தாள். கல்யாணமாகி மர்பி டவுனுக்கு வரும்போதே அவனையும் கையில் பிடித்துக்கொண்டுதான் வந்தாள். வெள்ளைக்காரப் பட்டாளம் இருக்கிற தண்டில் நான் மேஸ்திரியாக இருந்த மோட்டார் பட்டறையில் அவனையும் சேர்த்துவிட்டேன். தொழில் அவனுக்குச் சீக்கிரம் வந்தது. கூடவே குடியும் வந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை, உனக்கும் தெரியும். சம்பள நாளன்று உன் அம்மா அவனைத் தேடிக்கொண்டு போய்க் கையைப் பிடித்து இழுத்துவருவாள். கடைசியில் ஒரு மாதா திருநாளன்று பீடத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று, அவள் கையில் அடித்து, இனிமேல் தொட மாட்டேன் என்று சத்தியம் செய்தான். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அவன் தொடவில்லை. இதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும், அவன் செத்த அன்றைக்கும் தொடவில்லை.

புது வண்டிகளை வெளியூர்க்காரர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு டிரெய்லர் வேண்டும் என்று பட்டறைத் துரை சொன்னார். என்னைப் பார்த்து எடுக்கச் சொன்னார். உனக்கு இப்போது இருக்கிற மாதிரியே எனக்கும் அன்றைக்கு இரண்டு இருந்தது. ஒன்று காப்பித் தோட்டத்திலிருந்து கழித்துப் போட்ட நாலு சக்கரம், யானை மாதிரி நின்றது. இன்னொன்று பிளாக்பள்ளியில் ஒரு கொல்லன் புதிதாகச் செய்து வைத்திருந்த ரெண்டு சக்கரம். பச்சை வர்ணம் அடித்து ஓரத்தில் மஞ்சள் கோடு போட்டு, பலகையெல்லாம் மழமழவென்று இருந்தது. ராயப்பன் பழையதின் அடியில் புகுந்து தலையெல்லாம் கிரீஸோடு வெளியே வந்தான். "மாமா, பாக்க அசிங்கமாத்தான் இருக்கு. ஆனா நில்லுன்னா நிக்கும். அந்தப் பச்சை நிக்காது, நீங்க லாரிய நிறுத்துனாலும் அது தள்ளும்" என்றான். நான் கேட்டேனா? தண்டுத் தெருவில் இழுத்துக்கொண்டு போனால் நாலு பேர் பார்க்க வேண்டாமா என்று பச்சையை எடுத்தேன். மைத்துனன் சொல்லி மேஸ்திரி கேட்டான் என்று பட்டறையில் பேச்சு வந்துவிடுமே என்கிற வீம்பும் இருந்தது. அந்த வீம்பு உன்னிடமும் கொஞ்சம் இருக்கிறது, என்னிடமிருந்து ஒட்டிக்கொண்டது. உன் கூட்டாளி எதையாவது வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று ஒரு தடவை கேள், அவன் உன்னைவிடச் சின்னவனாக இருந்தாலும் கேள்.

அந்தப் பச்சை டிரெய்லரில் ஏழெட்டு வண்டி கொண்டுபோய்ச் சேர்த்தோம், ஒரு கீறல் விழவில்லை. எல்லாம் முகம் முன்பக்கமாக ஏற்றினது. வாசலில் பின்பக்கமாக இறக்கிவிடுவோம், யாரும் ஒன்றும் சொன்னதில்லை. பிறகு ஒரு நாள் கிருஷ்ணகிரிப் பட்டுக்கடைக்காரர் ஒருவர் பட்டறைக்கு வந்தார். மகன் கல்யாணத்துக்கு வண்டி எடுத்திருந்தார். நாற்காலியில் உட்காராமலே சொன்னார்: "மேஸ்திரி, மருமக மொதல்மொதலா ஏறப்போற வண்டி. எங்க வாசல்ல ஆரத்தி எடுக்கறப்ப முதுகக் காட்டிட்டு எறங்குச்சுன்னா வீட்டுப் பொம்பளைங்க ஒத்துக்க மாட்டாங்க. முகத்தோட எறங்கணும், எலுமிச்சம்பழத்து மேல மொத சக்கரம் ஏறணும். அதுக்கு முன்னாடி சக்கரம் மண்ணுல படக்கூடாது. ராகு காலத்துக்கு முன்னால பேகா, சீக்கிரமா வந்துருங்க." நான் எல்லாவற்றுக்கும் ஆகட்டும் ஆகட்டும் என்று தலையாட்டினேன். பெரிய மனுஷன் எதிரே வந்து நின்றால் முடியாது என்கிற வார்த்தை என் வாயில் வராது. இன்றைக்கும் வராது. உன் கடிதத்தில் ஆனேக்கல் சாவுகார் சொன்னதை எழுதியிருக்கிறாயே, அதைப் படிக்கும்போது பட்டுக்கடைக்காரர் குரல்தான் காதில் கேட்டது. நீயும் அங்கே தலையாட்டிக்கொண்டு நின்றிருப்பாய் என்று நினைக்கும்போது பயமாக இருக்கிறது. அவர்கள் ஆசைப்பட்டதில் தப்பே இல்லை சூசை. நம்மைப் போல வண்டிக்குத் தீர்த்தம் தெளிக்கச் சாமியாரைக் கூப்பிடுகிறவர்கள் அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களுக்கு அவர்கள் வாசல் தெரியும். பாரம் எங்கே உட்கார வேண்டும் என்பது நமக்குத்தான் தெரியும், அதைச் சொல்ல வேண்டியவன் நான்.

விடிந்ததும் பட்டறையில் வண்டியை ஏற்றினோம். சாய்வுப் பலகையில் பின்பக்கமாகத் தள்ளி ஏற்றச் சொன்னேன். எஞ்சின் போய் வாலில் உட்கார்ந்தது. ராயப்பன் முன்னால் வந்து, இழுக்கும் கம்பியை ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டினான். குழந்தையைத் தூக்குவது மாதிரி வந்தது. "மாமா, இது வேணாம். ரெண்டு ஆள் சேந்து தூக்குனாலும் இது மேல வரக்கூடாது" என்றான். கொக்கியில் பூட்டுகிற ஊசியைப் போட்டுவிட்டால் எங்கே போகப் போகிறது, போடு என்றேன். அவன் வழியும் சொன்னான், அதுதான் என்னை இன்றுவரை தின்கிறது. "நேரா ஏத்திட்டுப் போவோம். ஊருக்கு ரெண்டு மைல் முன்னால சமதரையில நிறுத்தி, பலகைய விரிச்சு அதும்மேலயே எறக்கி, டிரெய்லர வண்டிக்குப் பின்னால கொண்டாந்து பின்பக்கமா ஏத்திக்கலாம். சக்கரம் மண்ணுல படாது. மீதி ரெண்டு மைலு நடக்கற வேகத்துல போனா ஒண்ணும் ஆவாது" என்றான். எவ்வளவு சுலபம் பார். கொடுத்த வாக்கும் நிற்கும், ஆளும் இருந்திருப்பான். அதற்கு ஒரு மணி நேரம் பிடிக்கும், ராகு காலம் வந்துவிடும், நடுரோட்டில் பலகை விரித்து வித்தை காட்டச் சொல்கிறாயா என்று அவன் மேல் எரிந்து விழுந்தேன். அவன் லாரியில் ஏறி உட்கார்ந்துவிட்டான். நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஸீட்டுக்கு அடியில் சாக்கில் சுற்றி நான் வைத்திருந்த சாராய பாட்டில் ஒன்று இருந்தது. வேலை முடிந்து திரும்பும்போது எனக்கென்று வைத்தது. என்னுடையது, சூசை. நான் எப்போதாவதுதான் குடிப்பேன், அதனால் என்னை யாரும் குடிகாரன் என்று சொன்னதில்லை.

ஓசூர் வரைக்கும் அவன் மாட்டுவண்டி மாதிரிதான் ஓட்டினான். நான் முள்ளின் மேல் உட்கார்ந்திருந்தேன். சூளகிரியைத் தாண்டி இறக்கம் ஆரம்பிக்கிற இடத்தில் இன்னும் மெதுவாக்கினான். "இங்க வால் அலையுது மாமா, கையில தெரியுது" என்றான். நேரமாகுது, இறக்கம்தானே, விடுடா என்றேன். அவன் விடவில்லை. இரண்டாம் தடவை அதட்டினேன். ஊரில் பேண்டு வாத்தியக்காரர்களோடு வாசலில் நின்றுகொண்டிருப்பார்களே, தண்டு மேஸ்திரி நேரத்துக்கு வரவில்லை என்று சொல்வார்களே என்பதுதான் என் மண்டையில் ஓடியது. அவன் என் முகத்தை ஒரு தடவை பார்த்தான். என் சொல்லைத் தட்டிப் பழக்கமில்லாதவன். விட்டான்.

பின்னால் முதலில் லேசாகத் தட்டியது. பிறகு லாரியின் பின்பக்கத்தை யாரோ பிடித்து இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை இழுக்கிற மாதிரி இருந்தது. ஒவ்வொரு தடவையும் இன்னும் பெரிதாக இழுத்தது. ராயப்பன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "மாதாவே" என்றான், சத்தமாகக்கூட இல்லை.   லாரி குறுக்கே திரும்பிச் சரிந்து பள்ளத்தில் அவன் பக்கமாக விழுந்தது. நான் அவன் மேல் விழுந்தேன், அதனால்தான் நான் பிழைத்தேன். எனக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. அவனை அவர்கள் வெளியே எடுக்கும்போது உயிர் இல்லை. பாட்டில் உடைந்து அவன் சட்டையெல்லாம் சாராயம். வயல்வேலையை விட்டு ஓடிவந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, குடிச்சிருக்கான் என்று பேசினார்கள். நான் மண்ணில் கிடந்தபடி அதைக் கேட்டேன்.

நான் வாய் திறக்கவில்லை. அன்றைக்கு வலி என்று வைத்துக்கொள். மறுநாள் ஆஸ்பத்திரிக்குத் துரை வந்து கட்டில் பக்கத்தில் நின்று, "ராயப்பன் குடிச்சானா மேஸ்திரி?" என்று கேட்டார். பின்பக்கமாக ஏற்றச் சொன்னது யார் என்று அடுத்ததாகக் கேட்பார், வேலை போய்விடும், உன்னையும் அம்மாவையும் வைத்துக்கொண்டு எங்கே போவேன் என்று ஒரே நொடியில் எல்லாம் ஓடியது. கண்ணை மூடிக்கொண்டு ஆமாம் என்று தலையாட்டினேன். செத்தவனுக்கு என்ன கெட்டுப்போகப் போகிறது என்று நினைத்தேன். அவர் போன பிறகு உன் அம்மா வந்தாள். அடக்கம் முடிந்து அப்படியே வந்திருந்தாள், அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. என் தோளைக்கூடப் பார்க்கவில்லை. "மெய்யாலுமே குடிச்சிருந்தானா?" என்று மட்டும் கேட்டாள். துரையிடம் ஒன்று, அவளிடம் ஒன்று எப்படிச் சொல்வது? அவளிடமும் ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு அவள் அழவில்லை.

அவள் அவனை மன்னிக்கவே இல்லை, அது உனக்குத் தெரியும். மாதாவுக்குக் கொடுத்த சத்தியத்தை மீறிவிட்டுச் செத்தான் என்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அவன் பேரில் ஒரு பூசை வைத்ததில்லை. கல்லறைத் திருநாளுக்கு அவள் அப்பா அம்மா குழிக்குப் பூவும் மெழுகுவர்த்தியும் கொண்டுபோவாள், ராயப்பன் குழி வந்ததும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வேகமாக நடப்பாள். நான் மெழுகுவர்த்திக் கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போவேன். பன்னிரண்டு வருஷமும் போனேன். ஒவ்வொரு வருஷமும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன், கல்லறைத் தோட்டத்து வாசல் வந்துவிடும், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்கு வந்துவிடுவேன். நீ ராணுவத்திலிருந்து எழுதினாயே, ரம் கொடுக்கிறார்கள், நான் தொடுவதில்லை, மாமா மாதிரி ஆக மாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள் என்று. அதைச் சத்தமாகப் படித்துக் காட்டியவன் நான்தான். அவள் சந்தோஷப்பட்டாள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

இவ்வளவையும் உனக்கு எழுதுவது நான் நல்லவனாகிவிட்டேன் என்பதற்காக இல்லை. உன் கடிதத்தில் அந்த வரி இல்லாவிட்டால் இதை நான் சாகும்வரை எழுதியிருக்க மாட்டேன். வெறுமனே, முகம் முன்பக்கமாக ஏற்று என்று மட்டும் எழுதியிருக்கலாம். எழுதினால் நீ கேட்பாயா? அப்பாவுக்கு வயதாகிவிட்டது, எதற்கெடுத்தாலும் பயப்படுகிறார் என்று சிரித்துவிட்டுப் பின்பக்கமாக ஏற்றியிருப்பாய். மாமா செத்தது குடியால், நான் குடிக்க மாட்டேன், எனக்கு என்ன ஆகப் போகிறது என்று தைரியமாக இறக்கத்தில் விட்டிருப்பாய். என் பொய் உனக்குக் கொடுத்திருக்கிற தைரியம் இது. 

சாவுகாரிடம் நீ சொல்ல வேண்டியது இதுதான். ராயப்பன் சொன்ன வழியைச் சொல். ஊருக்கு முன்னால் சமதரையில் பலகை விரித்துத் திருப்பி ஏற்றிக்கொள்கிறேன், அதற்கு ஒரு மணி நேரம் வேண்டும், அந்த ஒரு மணி நேரத்தையும் கணக்கில் வைத்து நேரம் குறியுங்கள் என்று சொல். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்துவிடு. முதல் சவாரி போனால் போகட்டும்.

இந்த இடம் வரைக்கும் காலையில் எழுதினேன். இதை ஒட்டி மாசிலாமணியிடம் கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்றுதான் இருந்தேன். அப்புறம்தான் தோன்றியது. உனக்குத் தெரிந்து அவளுக்குத் தெரியாமல் இருந்தால், நீ வீட்டுக்கு வந்து அவள் முகத்தை எப்படிப் பார்ப்பாய்? என் மூட்டையைத் தூக்கி உன் தலையில் வைக்கிறேன் என்று ஆகிவிடும். எழுந்து கூடத்துக்குப் போனேன். அவள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே தரையில் உட்கார்ந்து, உனக்கு எழுதின அதே வரிசையில் சொன்னேன். பச்சை டிரெய்லர், கம்பியைத் தூக்கிக் காட்டினது, இறக்கம், எல்லாம். அவள் பாதி வரைக்கும் கல் பொறுக்கிக்கொண்டேதான் இருந்தாள்.

"அந்தப் பாட்டிலு?" என்று கேட்டாள்.

"என்னுது."

"அவன் குடிக்கல."

"ஒரு சொட்டு குடிக்கல."

"வேணாம்னு சொன்னானா?"

"மூணு தடவ சொன்னான்."

முறத்தைக் கீழே வைத்தாள். என்னைத் திட்டுவாள், அடிப்பாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பன்னெண்டு வருசம் எந்தம்பி அங்க இருட்டுல கெடந்தான்" என்றாள், என்னைப் பார்த்துச் சொன்ன மாதிரியும் இல்லை. எழுந்து போய் முகம் கழுவினாள். மாடத்திலிருந்த மெழுகுவர்த்திகளை எல்லாம் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். நானும் வருகிறேன் என்றேன், கேட்காத மாதிரி இருந்தாள். எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. மாசிலாமணியோடு நானே மெட்ராஸ் போகிறேன், பிள்ளை டிரெய்லர் எடுக்கும்போது கூட நிற்கிறேன், ஆனேக்கல் வரைக்கும் லாரியில் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து வருகிறேன் என்று சொன்னேன். பெட்டியில் ஒரு சட்டையும் எடுத்து வைத்துவிட்டேன்.

அப்போதுதான் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். "நீங்க போவாதீங்க" என்றாள். "நீங்க பக்கத்துல உக்காந்தா லாரியக் கெளப்பாதேன்னு எம்புள்ளைக்கு எழுதுங்க. இப்பவே எழுதுங்க." சொல்லிவிட்டுப் படியிறங்கிக் கல்லறைத் தோட்டத்துப் பக்கம் நடந்தாள்.

எழுதிவிட்டேன் சூசை. அவள் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் எழுதியிருக்கிறேன், அப்படியே செய். அவள் போய் இரண்டு மணி நேரம் ஆகிறது, இன்னும் வரவில்லை. மாசிலாமணி கிளம்பத் தயாராகி வாசலில் வந்து நிற்கிறார். சட்டையைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்துவிட்டேன். வண்டியை நல்லபடியாக இறக்கிவிட்டு நீ ஊர் வந்து சேர்ந்ததும் முதலில் அம்மாவைப் பார். என்னை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், பார்க்கத் தோன்றினால்.

உன் தகப்பன்